ஓடத் தொடங்கிய புதிதில் வரும் கால் வலி: முழுமையான வழிகாட்டி

ஓட ஆரம்பித்து மூன்றாவது அல்லது நான்காவது வாரம். முன்பு போல மூச்சு வாங்குவதில்லை, நிற்காமல் ஒரு கிலோமீட்டர் ஓட முடிகிறது, இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம் என்று மனம் சொல்கிறது. பலருக்கும் கால் வலி தலைகாட்டுவது இந்தச் சமயத்தில்தான். அதற்குக் காரணம் இருக்கிறது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். தசைக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். தசையை எலும்போடு இணைக்கும் நாண்களுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். எலும்பின் மேல் புதுச் சுமை விழும்போது, உடல் முதலில் பழைய பகுதியைக் கரைத்து எடுக்கிறது. அதற்குச் சுமார் மூன்று வாரம். அந்த இடத்தில் புது எலும்பை வைத்துக் கெட்டிப்படுத்த ஏறக்குறைய மூன்று மாதம். இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் கொஞ்சம் பலவீனமாகத்தான் இருக்கும். மூச்சு போகச் சொல்கிறது, கால் பொறுக்கச் சொல்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மெதுவோட்டத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 160 அடி வைக்கிறோம். அரை மணி நேரத்தில் 4,800 அடி. ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விசை காலில் இறங்குகிறது. நடையில் இது மிகவும் குறைவு. அதனால்தான் வருடக்கணக்காக நடந்து பழகியவருக்கும் ஓடத் தொடங்கியதும் வலி வருகிறது.

புதியவர்களுக்கு வரும் வலிகளில் பெரும்பாலானவை சின்னவை, சரியாகக் கூடியவை. இரண்டு தவறான வழிகளில் அவை பெரிதாகின்றன. ஒன்று, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவது. இன்னொன்று, ஒரு மாதம் முழுதாக ஓய்வெடுத்துவிட்டு, வலி போனதும் விட்ட இடத்திலிருந்தே தொடங்குவது. கால் தாங்குகிற அளவுக்கு ஓட்டத்தைக் குறைத்து, அந்தக் காலை வலுவாக்கி, மறுபடி மெல்ல ஏற்றுவதுதான் பலன் தருகிற வழி. அதை எப்படிச் செய்வது என்று வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: ஆபத்தான வலியா என்று முதலில் பாருங்கள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

- காலை ஊன்றி நான்கு அடி நடக்க முடியவில்லை.
- ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து இருக்கிறது. ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். நீண்ட பேருந்து, விமானப் பயணத்துக்குப் பிறகு அல்லது படுக்கையில் கிடந்து எழுந்த பிறகு வந்தால் சந்தேகம் கூடும். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் 108ஐ அழையுங்கள்.
- எலும்பில் ஒரே ஒரு புள்ளியில், விரலால் தொட்டுக் காட்டும்படி வலி. அல்லது படுத்திருக்கும்போதும் இரவிலும் விடாத வலி.
- ஓடும்போது தொடை இடுக்கில் ஆழமாக வலி. இடுப்பு மூட்டை ஒட்டி, தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் விரிசல் தொடங்கியிருந்தால் இப்படித்தான் இருக்கும். இதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.
- பின்னங்காலில் யாரோ உதைத்ததுபோல 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு நுனிக்காலில் எழும்ப முடியவில்லை.
- மரத்துப்போதல், பாதம் தூக்க முடியாமல் தொங்குதல், காய்ச்சலோடு கூடிய வலி.
- கடுமையான ஓட்டத்துக்குப் பிறகு தசை முழுக்க வீங்கி, சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் போகிறது. இது சிறுநீரகத்தைப் பாதிக்கும், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பல வருடச் சர்க்கரையில் பாதத்தின் உணர்வு மங்கிவிடும். உங்களுக்கு வலி தெரியாமலே காயம் ஆகலாம். அதனால் ஓடி முடித்ததும் சாக்ஸைக் கழற்றி உள்ளங்கால், விரலிடுக்கு, குதிகால் எல்லாவற்றையும் கண்ணால் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள்.

படி 2: வலியின் இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்

'கால் வலிக்குது' என்பதில் எந்தத் தகவலும் இல்லை. சுட்டு விரலால் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். ஒரு புள்ளியா, உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருக்கிறதா? தசையா, எலும்பா, மூட்டுக்குப் பக்கமா? ஒரு காலா, இரண்டு காலுமா? ஓடத் தொடங்கியதும் வந்து, சூடேறியதும் குறைகிறதா? அல்லது இரண்டாவது கிலோமீட்டரில் வந்து போகப் போகக் கூடுகிறதா? மாடிப்படி ஏறும்போதா, இறங்கும்போதா? செல்போனில் இரண்டு வரி எழுதி வைத்தால் போதும். பின்னால் மருத்துவரிடம் போக நேர்ந்தால், ஸ்கேனைவிட இந்த இரண்டு வரி பல நேரம் அதிகம் சொல்லும்.

படி 3: வலிக்கு மதிப்பெண் போடுங்கள், தீர்ப்பை மறுநாள் காலைக்கு விடுங்கள்

இயன்முறை மருத்துவர்கள் பயன்படுத்தும் முறை இது. வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாத வலி என்றால் 10. ஓடும்போது 2 வரை இருந்தால் கவலையில்லை. 3 முதல் 5 வரை இருந்தால் தூரத்தையும் வேகத்தையும் குறைத்து, கவனித்துக்கொண்டே ஓடலாம். 5ஐத் தாண்டினால் அந்த இடத்திலேயே நின்று, நடந்து வீடு திரும்புங்கள். வலியால் நடையின் ஒழுங்கே மாறி நொண்டினால், மதிப்பெண் என்னவாக இருந்தாலும் நிறுத்த வேண்டும். நொண்டி ஓடினால் அடுத்த காலிலும் இடுப்பிலும் புது வலி வந்து சேரும்.

ஓடும்போது வருகிற மதிப்பெண்ணைவிட மறுநாள் காலை வருவது முக்கியம். ஓட்டத்தின்போது உடம்பு சூடேறி வலி மறைந்திருக்கலாம். இரவு ஓய்ந்து, காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் பத்து அடிகளைக் கவனியுங்கள். நேற்றுக் காலை இருந்த அளவோ அதற்குக் குறைவோ என்றால், நேற்றைய ஓட்டத்தைக் கால் ஏற்றுக்கொண்டது. கூடியிருந்தால் ஏற்றுக்கொள்ளவில்லை, அடுத்த முறை குறைக்க வேண்டும். எலும்பின் மேல் வருகிற புள்ளி வலிக்கு மட்டும் இந்த விதி கிடையாது. அதை வைத்துக்கொண்டு ஓடவே கூடாது.

படி 4: முதல் மூன்று நாள்

ஐஸ் வைத்து, கட்டுப் போட்டு, காலைத் தூக்கி வைத்து ஓய்வெடு என்பதுதான் நாம் எல்லோரும் கேட்டிருக்கும் ஆலோசனை. 1978இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் பரப்பிய முறை அது. பின்னாளில் அவரே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். இன்று பரவலாகச் சொல்லப்படுவது, முதல் ஓரிரு நாள் சுமையைக் குறைத்துவிட்டு, வலி அனுமதிக்கும் அளவுக்குச் சீக்கிரமே காலை அசைக்கத் தொடங்குவது. ஐஸ் வலியை மரக்கடிக்கும், அவ்வளவுதான். இதமாக இருந்தால் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். வெந்நீர் ஒத்தடம் இதமாக இருந்தால், வீக்கம் இல்லாத தசை வலிக்கு அதுவும் சரிதான்.

தைலம், நல்லெண்ணெய், வீட்டில் இருக்கும் பாம்: மெல்லத் தேய்த்து நீவினால் சுகமாக இருக்கும், உறக்கம் வரும். அந்த அளவுக்கு நல்லது. ஆனால் வீங்கிய கெண்டைக்காலை நீவவே கூடாது. எலும்பில் வலி இருக்கும்போது சுளுக்கு எடுப்பவரிடம் காலை இழுக்கக் கொடுப்பதும் வேண்டாம். விரிசல் இருந்தால் அது முழு முறிவாகிவிடலாம்.

மாத்திரை விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை நம் மருந்துக் கடைகளில் கேட்டதும் கிடைக்கின்றன. ஓடுவதற்கு முன் இவற்றைப் போட்டுக்கொண்டு போகும் பழக்கம் புதியவர்களிடம்கூட இருக்கிறது. வலி என்கிற எச்சரிக்கையை அணைத்துவிட்டு ஓடுவது ஒரு கேடு. நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது இவை சிறுநீரகத்துக்குக் கெடுதல் செய்யும் என்பது அதைவிடப் பெரிய கேடு. ரத்த அழுத்தம், வயிற்றுப்புண், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். இரவு தூக்கம் கெடும் அளவுக்கு வலித்தால் ஓரிரு நாள் பாராசிட்டமால் போதும். அதற்கும் மேல் தேவைப்படுகிற வலி, சின்ன வலி இல்லை.

படி 5: உங்கள் வலி எது?

*முழுத் தசையும் வலிக்கிறது, இரண்டு காலிலும்.* ஓடிய மறுநாளோ அதற்கு மறுநாளோ உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு நாளில் தானாகப் போகும். மேம்பாலத்தில் ஏறி இறங்கி ஓடிய பிறகு தொடையின் முன்பக்கம் இப்படித்தான் வலிக்கும். மாடிப்படி இறங்கும்போது பிராணன் போகும். லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்று சொல்வார்கள். அது ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் கலைந்துவிடும். இந்த வலி, பழக்கமில்லாத வேலையில் தசை இழைகளில் ஏற்பட்ட நுண்ணிய சிதைவால் வருவது. நடங்கள், தண்ணீர் குடியுங்கள், தூங்குங்கள். வேறு எதுவும் தேவையில்லை.

*முன்னங்கால் எலும்பின் உள்பக்கம் வலிக்கிறது.* புதியவர்களுக்கு அடிக்கடி வருவதும் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவதும் இதுதான் என்பேன். ஓட்டக்காரர்கள் 'ஷின் ஸ்பிளின்ட்' என்று சொல்வார்கள். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில், கீழ்ப்பாதியில், எலும்பின் உள்விளிம்பை ஒட்டி வலிக்கும். விரலால் அழுத்திக்கொண்டே போனால் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நீளமாக வலி தெரியும். ஓட்டத்தின் தொடக்கத்தில் இருக்கும், நடுவில் குறையும், முடிந்தபின் திரும்ப வரும். தூரத்தை ஒரே வாரத்தில் கூட்டியதோ, மண் தரையிலிருந்து சிமென்ட் சாலைக்கு மாறியதோ, தேய்ந்த ஷூவோ பின்னணியில் இருக்கும்.

இதற்கு முதல் வேலை ஓட்டத்தைக் குறைப்பது. இந்த வலிக்கு மட்டும் விதி கொஞ்சம் கண்டிப்பானது: மதிப்பெண் 3க்கு மேல் போனால் ஒன்றிரண்டு வாரம் ஓட்டத்தை விட்டுவிட்டு நடை, சைக்கிள், நீச்சல் என்று மாறுங்கள். அந்த நாள்களில் கெண்டைக்காலை வலுவாக்குங்கள், ஏனென்றால் தரையின் அதிர்வை எலும்புக்கு முன்னால் வாங்கிக்கொள்ள வேண்டியது அந்தத் தசைதான். சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, குதிகாலை ஊன்றியபடி முன்பாதத்தை மட்டும் தூக்கி இறக்குவது முன்பக்கத் தசைக்கு நல்லது. பொறுமை வேண்டும். சரியாகச் சில வாரம் ஆகும், சிலருக்கு மாதங்களும் ஆகும்.

அந்த நீளமான வலி சுருங்கி ஒரே புள்ளியில் நின்றுவிட்டால் அது வேறு கதை. எலும்பில் நுண்விரிசல் தொடங்கியிருக்கலாம். ஒற்றைக் காலில் குதித்துச் சோதித்துப் பார்க்க வேண்டாம். எக்ஸ்-ரே எடுத்து 'நார்மல்' என்று வந்தாலும் அதை ஓடுவதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் இந்த விரிசல் எக்ஸ்-ரேயில் பெரும்பாலும் தெரியாது. எம்ஆர்ஐ தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

*முட்டிச் சில்லைச் சுற்றி வலிக்கிறது.* படி இறங்கும்போது, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து எழும்போது, சினிமா தியேட்டரில் நெடுநேரம் முட்டியை மடக்கி உட்காரும்போது கூடும். வீங்காது. 'ஓடினா முட்டி தேஞ்சு போயிடும்' என்று வீட்டில் உடனே சொல்வார்கள். ஆனால் 2017இல் வெளிவந்த, பல ஆய்வுகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று சொல்வது வேறு. பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 விழுக்காட்டினருக்கு இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் அது 10.2 விழுக்காடு. போட்டிக்காகக் கடுமையாக ஓடியவர்களில் 13.3 விழுக்காடு. ஓட்டம்தான் மூட்டைக் காத்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. அளவான ஓட்டம் முட்டியைத் தின்றுவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

இந்த வலிக்கு இரண்டு விஷயம் நன்றாக வேலை செய்கின்றன. முதலாவது, அடியைச் சின்னதாக்குவது. உடம்புக்கு வெகு முன்னால் காலை நீட்டி ஊன்றும்போது முட்டியில் சுமை ஏறும். அதே வேகத்தில், நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை 5 முதல் 10 விழுக்காடு கூட்டினால் முட்டியின் சுமை குறைவதை 2011இல் ஓர் அமெரிக்க ஆய்வு அளந்து காட்டியது. 155 அடி வைப்பவர் 165க்கு வந்தால் போதும். எல்லோரும் 180 அடி வைக்க வேண்டும் என்ற பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம். இரண்டாவது, தொடை முன்தசையையும் இடுப்பின் பக்கவாட்டுத் தசையையும் வலுவாக்குவது. அதைப் படி 7இல் சொல்கிறேன். இரண்டு மூன்று வாரத்துக்கு ஆழமாகக் குந்துவதையும் நெடுநேரம் சப்பணமிடுவதையும் குறைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் கல்யாணமாக இருந்தால் நாற்காலி கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

*முட்டியின் வெளிப்பக்கம் மட்டும் வலிக்கிறது.* ஒரு குறிப்பிட்ட தூரம் வரை ஒன்றும் இருக்காது, பிறகு சுருக்கென்று ஆரம்பித்து ஓடவே விடாது. இடுப்பிலிருந்து முட்டி வரை தொடையின் வெளிப்பக்கம் இறங்கும் பட்டையான திசுவால் வருவது. வலி தொடங்கும் தூரத்துக்கு முன்பே நிறுத்துங்கள், இறக்கங்களைத் தவிருங்கள், இடுப்புத் தசையைக் கவனியுங்கள்.

*குதிகாலுக்கு மேலே, பின்னங்கால் நாணில் வலிக்கிறது.* காலையில் எழுந்ததும் கட்டை போல விறைப்பு, நடக்க நடக்க இளகும். இந்த நாண் ஓய்வால் மட்டும் சரியாவதில்லை, சுமை கொடுத்தால்தான் சரியாகும். 1998இல் சுவீடனைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சனும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட பயிற்சி இன்றும் பயன்படுகிறது. மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, இரண்டு காலாலும் எழும்பி, வலிக்கிற காலால் மட்டும் மெதுவாகக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். முட்டியை நேராக வைத்து 15 தடவை வீதம் மூன்று சுற்று, முட்டியைச் சற்று மடக்கி அதே மூன்று சுற்று. காலையும் மாலையும், 12 வாரம். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வலி குதிகால் எலும்போடு நாண் சேரும் இடத்திலேயே இருந்தால் மட்டும் படிக்குக் கீழே இறக்காமல் சமதரையில் செய்யுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகள் நாண்களைப் பாதிக்கும், அரிதாக அறுந்துபோகவும் செய்யும். அவற்றைச் சாப்பிட்ட நாள்களிலோ அடுத்த சில வாரங்களிலோ இந்த வலி வந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, மருந்தை எழுதித் தந்தவரிடம் உடனே சொல்லுங்கள்.

*உள்ளங்காலில், குதிகாலின் அடியில்.* காலையில் வைக்கும் முதல் அடியில் ஆணி குத்துவதுபோல வலிக்கும். நம் வீடுகளில் வெறுங்காலோடு டைல்ஸ் தரையில் நடக்கிறோம். குணமாகும் வரை வீட்டுக்குள் மெத்தென்ற செருப்பு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, ஒற்றைக் காலில் மெதுவாக நுனிக்காலில் எழும்பி இறங்குவது இதற்கான பயிற்சி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யுங்கள்.

ஓடும்போது கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடித்தால் நின்று, முன்பாதத்தை மேல்நோக்கி மடக்கி மெல்ல நீட்டுங்கள். உப்புப் போட்ட மோர் குடித்தால் தெம்பாக இருக்கும். ஆனால் பிடிப்புக்கு முக்கியக் காரணம் பெரும்பாலும் தசைக் களைப்புதான். அன்றைக்கு வேகம் அதிகமாகிவிட்டது என்று புரிந்துகொள்ளுங்கள்.

படி 6: திரும்ப ஓடத் தொடங்குவது

அரை மணி நேரம் வேகமாக நடந்து, அப்போதும் மறுநாள் காலையும் வலி இல்லை என்றால் ஓட்டத்துக்குத் திரும்பலாம். 1996இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் வகுத்த 9 வாரத் திட்டம் உலகம் முழுக்கப் புதியவர்களை ஓட வைத்தது. அதன் முதல் வாரத்தில் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள். வலிக்குப் பிறகு திரும்புகிறவர்களுக்கும் இதுவே நல்ல தொடக்கம். பிறகு இரண்டு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை. பிறகு மூன்று, பிறகு ஐந்து நிமிட ஓட்டம். ஒவ்வொரு நிலையிலும் குறைந்தது இரண்டு நாள் ஓடி, மறுநாள் காலைச் சோதனையில் தேறிய பிறகே அடுத்ததுக்குப் போங்கள். தேறாவிட்டால் ஒரு நிலை கீழே. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நடுவில் ஒரு நாள் இடைவெளி கட்டாயம். தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூட்டக் கூடாது என்று ஒரு விதி நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. 5,200 ஓட்டக்காரர்களைப் பின்தொடர்ந்து 2025இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வாரக் கணக்கைவிட ஒற்றை ஓட்டத்தைக் கவனிக்கச் சொல்கிறது. கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட ஒரே நாளில் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடுதலாக ஓடியவர்களிடம் காயம் அதிகமாக இருந்தது. ஆகவே நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை பத்து கிலோமீட்டர் போகிறார்கள் என்பதற்காக, நான்கைத் தாண்டாத கால் அவர்களோடு போகக் கூடாது. மாவட்டந்தோறும் அமைந்துள்ள 8 கிலோமீட்டர் ஹெல்த் வாக் பாதை நடக்க அருமையானது. அதை முழுதாக ஓடி முடிப்பதை முதல் மாத இலக்காக வைக்க வேண்டாம்.

படி 7: வலு சேர்ப்பது

வாரத்துக்கு மூன்று நாள், இருபது நிமிடம் போதும். ஜிம் தேவையில்லை. ஓட்டத்துக்கு முன் காலை நீட்டி மடக்குவதைவிட இது எவ்வளவோ பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து.

வாசற்படியில் நின்று நுனிக்காலில் எழும்பி இறங்குங்கள். முதலில் இரண்டு காலால், பிறகு ஒற்றைக் காலால். ஒற்றைக் காலில் 20 தடவையை எட்டினால் கெண்டைக்கால் ஓட்டத்துக்கு ஓரளவு தயார். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து உட்காருங்கள், 10 தடவை வீதம் மூன்று சுற்று. மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்குங்கள், பழகியதும் ஒற்றைக் காலில். ஒருக்களித்துப் படுத்து மேல்காலை நேராக, சற்றுப் பின்னோக்கித் தூக்குங்கள். இது இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்கு. கடைசி இரண்டு மூன்று தடவை சிரமமாக இருக்க வேண்டும். சுலபமாகிவிட்டால், புத்தகம் நிரப்பிய பையை முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள்.

சாப்பாடும் இதில் அடங்கும். எடையைக் குறைக்க ஓட ஆரம்பித்து, கூடவே இரவுச் சாப்பாட்டையும் விட்டுவிடுபவர்களின் எலும்பு, வேலை கூடிய நேரத்தில் பட்டினி கிடக்கிறது. முட்டை, பருப்பு, சுண்டல், நெத்திலி, தயிர் இருக்கட்டும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஓடத் தொடங்கிய பிறகு பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போனாலோ மூன்று மாதம் நின்றுவிட்டாலோ, உடம்புக்கு உணவு போதவில்லை, எலும்பு வலுவிழக்கிறது என்பதன் அறிகுறியாக இருக்கலாம். மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப எலும்பு வலி வருகிறவர்கள் வைட்டமின் டி அளவைப் பார்ப்பது நல்லது. வெயில் கொளுத்தும் நம் ஊரிலும் அது பலருக்குக் குறைவாகத்தான் இருக்கிறது.

படி 8: ஷூவும் தரையும்

ஷூவை மாலையில் வாங்குங்கள், கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். போட்டு நான்கடி ஓடிப் பாருங்கள், சுகமாக இருப்பதை வாங்குங்கள். விலையும் விளம்பரமும் அடுத்துத்தான். 500 முதல் 800 கிலோமீட்டரில் அடிப்பகுதியின் மெத்தை செத்துவிடும், மேலே புதிது போலத் தெரிந்தாலும். நடைக்கும் கடைக்கும் போட்டுத் தேய்த்த பழைய ஷூவில் ஓடத் தொடங்காதீர்கள். வெறுங்கால் ஓட்டத்துக்குத் திடீரென்று மாறுவதும் பின்னங்கால் நாணுக்கு நல்லதில்லை.

நம் சாலைகள் மழைநீர் வடிய ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு கால் தினமும் பள்ளத்தில், ஒரு கால் மேட்டில். ஒரு பக்கம் மட்டும் வலிப்பவர்கள் முதலில் இதைச் சந்தேகப்பட வேண்டும். பள்ளி மைதானம், கோவை ரேஸ்கோர்ஸ் போன்ற நடைபாதைச் சுற்று, பூங்கா ஆகியவை சமமானவை. சுற்றி ஓடும் இடத்தில் நாள் மாற்றித் திசையை மாற்றுங்கள். மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ மணலில் ஓட ஆசையாக இருக்கும். காய்ந்த மணலில் குதிகால் புதைவதால் கெண்டைக்காலுக்கும் நாணுக்கும் வேலை வெகுவாகக் கூடும். ஈர மணல் கடலை நோக்கிச் சரியும். முதல் சில மாதங்களுக்குச் சாலையை ஒட்டிய நடைபாதையே போதும்.

எப்போது இயன்முறை மருத்துவரிடம் போவது?

ஓட்டத்தைக் குறைத்து, பயிற்சியும் செய்து இரண்டு வாரத்தில் கொஞ்சமும் முன்னேற்றம் இல்லை என்றால் போங்கள். அதே இடத்தில் மூன்றாவது முறையாக வலி திரும்பினாலும் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயன்முறை மருத்துவப் பிரிவு உண்டு. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் தமிழ்நாட்டில் 104க்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம். வலி ஊசி ஒன்றைப் போட்டுக்கொண்டு அடுத்த நாளே ஓடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். போகும்போது ஓடுகிற ஷூவையும், செல்போனில் எழுதிய குறிப்பையும், கடந்த ஒரு மாதத்தில் எந்த நாள் எவ்வளவு ஓடினீர்கள் என்ற கணக்கையும் கொண்டுபோங்கள். 'ஓடலாமா, கூடாதா' என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். இந்த வாரம் எவ்வளவு ஓடலாம், எந்தப் பயிற்சி எத்தனை தடவை, எந்த அறிகுறி வந்தால் நிறுத்த வேண்டும், அடுத்து எப்போது வர வேண்டும் என்று நான்கையும் கேட்டு, அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.